நடுவில் நிற்பவர்: சோழமண்டலக் கரையிலிருந்து தொலைக்காட்சி வரை ஏஜெண்ட்டின் வரலாறு



முனைவர் கே.ஏ. குணசேகரனை நினைவுகூரும் இந்த மேடையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பாட்டைப் பற்றியும் பறையைப் பற்றியும் இந்த மேடையில் நிறையப் பேசியிருக்கிறோம். பாடுகிறவரையும் அடிக்கிறவரையும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவரைப் பற்றி ஏறக்குறையப் பேசியதே இல்லை. சினிமாவில் அவரை ஏஜெண்ட் என்கிறார்கள். தொலைக்காட்சியில் கோ-ஆர்டினேட்டர் என்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்கும் கடற்கரை விடுதிக்கும் ஆள் பிடித்துத் தருகிறவர் ஈவென்ட்காரர். பெயர்கள் மாறினாலும் நிற்கிற இடம் ஒன்றுதான். கலைஞருக்கும் காசுக்கும் நடுவில் அவர் நிற்கிறார்.

அவரை வில்லனாக்கிப் பேசிவிட்டுப் போவது எளிது. அது நமக்கு உதவாது. ஊரை விட்டு வெளியே ஆள் தெரியாத ஒரு சேரிப் பாடகருக்கு நடுவில் ஒருவர் தேவைப்படுகிறார். கைப்பேசி எண் தெரிந்தவர், கேட்டுக்குள் விடச் சொல்லக்கூடியவர், தேதி வாங்கித் தரக்கூடியவர் தேவைப்படுகிறார். ஏன் தேவைப்படுகிறார், அந்த இடத்தில் யார் வந்து நின்றார்கள், நின்றவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதைக் கொடுத்தார்கள் என்பதே நம் கேள்வி. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் கணிசமான பகுதி நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கடற்கரையை ஒட்டியே நடந்திருக்கிறது.

கப்பலேறிய ஆட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து லண்டன் போன வித்தைக்காரர்களில் ஒருவர் ராமசாமி. ஆங்கிலேயர் வாயில் அவர் 'ராமோ சாமி' ஆனார். பந்துகளை எறிந்து பிடிப்பார், வாளை விழுங்குவார். வில்லியம் ஹாஸ்லிட் என்ற புகழ்பெற்ற ஆங்கிலக் கட்டுரையாளர் இந்திய வித்தைக்காரர்களைப் பார்த்து வியந்து தனிக் கட்டுரையே எழுதினார். இத்தனை புகழோடு பல பத்தாண்டுகள் மேடையில் நின்ற ராமசாமி 1850இல் வறுமையில் இறந்தார். அடக்கம் செய்யப் பணமில்லாமல் அவர் மனைவி பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியதாயிற்று. அவர் மேடையால் பிழைத்த அரங்குக்காரர்கள் லண்டனில் பலர் இருந்தார்கள்.

அடுத்த கதை இன்னும் கிட்டத்தில் தொடங்குகிறது. 1838இல் டார்டிவல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வந்தார். கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த ஐந்து தேவதாசிகளையும் அவர்களோடு மூன்று இசைக்காரர்களையும் ஒப்பந்தம் எழுதிக் கப்பலேற்றினார். பாரிஸில் வரியேத்தே அரங்கிலும், அரசர் லூயி பிலிப் முன்னிலையிலும் அவர்கள் ஆடினார்கள். பிறகு லண்டன் அடெல்ஃபி அரங்கில் ஆடினார்கள். அவர்களில் ஒருவரான அம்மணியைப் பற்றிக் கவிஞர் தியோஃபில் கோத்தியே மனமுருகி எழுதினார். ஒருவர் சிலையாக வடித்தார். குழுவின் மிக இளையவள் சிறு குழந்தை.

சோழமண்டலக் கரையில் பெயரும் ஆண்டும் தெரிய நமக்குக் கிடைக்கும் தொடக்ககால ஏஜெண்டுகளில் ஒருவர் இந்த டார்டிவல். இன்றைய வேலையின் எல்லா அங்கமும் அவரிடம் இருக்கிறது. ஆளைத் தேடிப் போனார், முன்பணம் கொடுத்தார், எழுத்தில் ஒப்பந்தம் போட்டார், விளம்பரம் செய்தார், அரங்கோடு விலை பேசினார். அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட உலகம் ஆடியவர்களின் உலகமல்ல. பாரிஸ் பத்திரிகைகள் அவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. அந்த ஆட்டத்தைப் பற்றி அவர்கள் தாமே சொன்னதாக ஒரு பக்கம்கூட நம் கைக்கு வந்து சேரவில்லை. பார்த்தவர் எழுதினார், கூட்டிப்போனவர் கணக்கு வைத்தார், ஆடியவர் பேச்சு பதிவாகவில்லை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்வோம். திரும்பத் திரும்ப வரப்போகிறது.

கங்காணியின் துண்டு

அதே காலத்தில், அதே கடல் வழியாக, வேறொரு நடுவாள் மிகப் பெரிய எண்ணிக்கையில் நம் மக்களைக் கூட்டிப்போனார். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16ஆம் தேதி அது டர்பன் துறைமுகம் சேர்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு முதன்முதலில் போன ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, கிராமம். வட ஆர்க்காடும் செங்கல்பட்டும் அந்தப் பட்டியல்களில் அடிக்கடி வரும் ஜில்லாக்கள்.

ஏன் செங்கல்பட்டு? கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் இந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றி அரசுக்கு அளித்த அறிக்கை அதற்கு விடை சொல்கிறது. மிராசுதாரர் கையில் நிலம். குடியிருக்கும் மனையும் அவர் கையில். வாங்கிய சிறு கடனுக்காக வம்சமாக உழைக்கும் படியாள். கலெக்டரிடமே மனுப் போட்டாலும் நிலம் கிடைக்காத நிலை. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பரில் பிறந்ததுதான் பஞ்சமி நில அரசாணை. அந்த நிலமும் எப்படிப் பறிபோனது என்பதை மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணை மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1994 அக்டோபரில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸையும் ஏழுமலையையும் இந்த மாவட்டம் ஆண்டுதோறும் நினைக்கிறது.

நிலமில்லாதவரிடம் முன்பணத்தோடு வருகிறவர் கங்காணி. இலங்கைத் தோட்டங்களில் அவர் செய்த வேலை என்ன? ஊருக்கு வந்து ஆள் சேர்த்தார், வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தார், அதைக் கடனாக எழுதினார், ஆள் ஒன்றுக்கு நாளுக்கு இவ்வளவு என்று துரையிடம் தலைக்காசு வாங்கினார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவர்மேல் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவர் இவரைக் கூட்டிப்போகலாம் என்று எழுதிய சீட்டு அது. 1921 வரை துண்டு முறை நடப்பில் இருந்தது. ஆளின் உழைப்போடு ஆளையே கைமாற்றுகிற சீட்டு அது.

கலைஞரின் ஏஜெண்டும் கங்காணியும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றல்ல. ஆனால் இருவரின் கையிலும் இருக்கும் கருவிகள் ஒன்றுதான்: முன்பணம், பிரத்யேக உரிமை, எதிர்த்தரப்பு என்ன கொடுத்தது என்பதை ஆளுக்குச் சொல்லாத கணக்கு. இந்த மூன்றும் ஒரே கையில் சேருமிடத்தில் தொழிலின் பெயர் என்னவாக இருந்தாலும் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொரு நடுவாளையும் சொல்லியாக வேண்டும். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன், 1893இல் 'பறையன்' என்று தன் பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். பிறகு தென்னாப்பிரிக்கா சென்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். பின்னாளில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். இரு தரப்புக்கு நடுவில் நின்று பேச்சைக் கொண்டு செல்வதும் ஒரு வேலைதான். அதை யார், யாருடைய பெயரில், யாருக்குக் கணக்குச் சொல்லிச் செய்கிறார் என்பதில்தான் வேறுபாடு. நம் பெயரை நாமே அட்டையில் அச்சிட்ட பாரம்பரியம் இந்த ஜில்லாவுடையது.

தாம்பூலமும் வெட்டிவேலையும்

தொண்டை மண்டலத்தில் கூத்துக்கு ஆள் வைக்கும் முறையைப் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்க வேண்டுமென்றால் ஊர்ப் பெரியவர்கள் வாத்தியாரைத் தேடிப் போவார்கள். வெற்றிலைபாக்கோடு முன்பணம் வைத்துத் தாம்பூலம் மாற்றினால் தேதி உறுதி. எத்தனை இரவு, எந்தெந்தக் கூத்து, எவ்வளவு தொகை என்று வாத்தியாரே பேசுவார். வாங்கிய காசைப் பங்கு பிரிப்பதும் அவரே. அவரும் வேடம் கட்டுகிறவர். பங்கில் குறை வந்தால் விடிந்ததும் அதே கொட்டகையில் அவரைக் கேட்டுவிடலாம். நடுவில் நிற்பவர் நம்மோடு கூடவே அரிதாரம் பூசுகிறவராக இருந்தால் ஏற்படும் நன்மை அது.

பறைக்கு அந்தத் தாம்பூலம்கூடக் கிடையாது. சாவுக்கு அடிப்பதும் ஊருக்குத் தமுக்குப் போடுவதும் சாதிக் கடமையாக்கப்பட்டிருந்தன. கூலி என்ற பேச்சே இல்லாமல், களத்தில் கொஞ்சம் நெல், துணி, கள் என்று எறிந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். அழைக்க வருகிறவர் ஊர்த் தலையாரி. மறுத்தால் அடி, ஊர்க்கட்டு. எனவேதான் அம்பேத்கரின் சொல் இங்கே வந்து சேர்ந்தபோது நம் பெரியவர்கள் பறையைத் தூக்கிப் போட்டார்கள், சில இடங்களில் கொளுத்தினார்கள். அதைக் கலையழிப்பு என்று நகரத்து ரசிகர்கள் வருந்தியதுண்டு. அது வேலைநிறுத்தம். சமூகவியல் மொழியில் சொன்னால், கட்டாயச் சேவையை மறுத்ததன் பிறகுதான் அது கலையாகத் திரும்பி வர முடிந்தது.

கே.ஏ.ஜி. செய்த வேலை

திரும்பி வந்த காலம் 1980களும் 90களும். சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் 1955இல் பிறந்த குணசேகரன் அந்தத் திருப்பத்தில் நின்றவர். நாட்டுப்புறப் பாடலில் ஆய்வு செய்தார். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தினார். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். 'வடு' என்று தன் வாழ்க்கையை எழுதினார். 2016 ஜனவரி 17ஆம் தேதி மறைந்தார்.

இவற்றோடு அவர் செய்த இன்னொரு வேலைக்கு நூலகத்தில் இடமில்லை. அவர் கலைஞர்களைக் கண்டுபிடித்தார். கோயில் திருவிழாவில் பாடிக்கொண்டிருந்தவர்களை மேடைக்குக் கூட்டிவந்தார். சிவகங்கைப் பக்கத்தைச் சேர்ந்த சின்னப்பொண்ணு அவருடைய குழுச் சூழலில் பாடி வளர்ந்தவர். 2008இல் 'நாக்க முக்க' பாட்டு அவர் குரலைத் தமிழ்நாட்டின் எல்லா ஒலிபெருக்கிக்கும் கொண்டுபோனது. 2021இல் விஜய் டிவியின் பிக் பாஸ் வீட்டுக்குள் அவர் போனபோது, திருவிழா மேடையிலிருந்து தொலைக்காட்சி வரையிலான மொத்தப் பாதையையும் ஒரே வாழ்க்கையில் நடந்து முடித்திருந்தார்.

அந்த வகையில் கே.ஏ.ஜி.யும் நடுவில் நின்றவர்தான். ஆனால் அவரும் கூடவே பாடினார். பாட்டைச் சேகரித்தபோது யாரிடம் சேகரித்தோம் என்பதைச் சொன்னார். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பெண்கள் கையில் பறையைக் கொடுத்தபோதும், மதுரையில் தலித் கலைவிழாக்கள் நடந்தபோதும் இதே நெறிதான் வேலை செய்தது. மேடையை ஏற்பாடு செய்கிறவர் கலைஞரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டார். கூத்து வாத்தியாரின் பழைய ஒழுங்கு புதிய அரசியலோடு சேர்ந்துகொண்டது என்று இதைச் சொல்லலாம்.

பெட்டிக்குள் போன பாட்டு

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அரசு நிலையத்தில் கலைஞரைத் தேர்வு செய்ய ஒரு முறை இருந்தது. தணிக்கைக் குழு, தரவரிசை, காசோலை என்று மெதுவாக, மேல்சாதி ரசனையோடு நடந்தது. ஆனாலும் கணக்கு எழுத்தில் இருந்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. தொடர்ந்து தனியார் சேனல்கள் பெருகின. நிகழ்ச்சி வேகம் கூடியது, நாளைக்கே ஆள் வேண்டும் என்ற நிலை வந்தது. கோடம்பாக்கத்தில் ஏற்கெனவே ஒரு முறை இருந்தது. கூட்டத்தில் நிற்க, திருவிழாக் காட்சியில் ஆட, சாவுக் காட்சியில் பறையடிக்கத் துணை நடிகர்களைத் திரட்டித் தரும் ஏஜெண்ட் முறை அது. கம்பெனி ஏஜெண்டிடம் கொடுக்கும், ஏஜெண்ட் ஆளுக்குக் கொடுப்பார், நடுவில் கமிஷன். அந்த முறை தொலைக்காட்சிக்கு அப்படியே இடம்பெயர்ந்தது.

பிறகு வந்தது போட்டி நிகழ்ச்சிகளின் காலம். 2018இல் நாட்டுப்புறப் பாட்டோடு வந்த செந்தில் கணேஷ் சூப்பர் சிங்கர் பட்டம் வென்றபோது கிராமத்துக் கலைஞர்களிடையே பெரிய நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கை பொய்யல்ல. கச்சேரி வாய்ப்பு, வெளிநாட்டுப் பயணம், சினிமாப் பாட்டு எல்லாம் திரை வழியாக வந்தன. ஆனால் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். மேடை கொடுக்கிறவரும், ஆளைத் தேர்ந்தெடுக்கிறவரும், காட்சியின் உரிமையை வைத்திருக்கிறவரும் இங்கே ஒருவராகிவிடுகிறார்கள். பேரம் பேச எதிரெதிரே இரண்டு பேர் இல்லை.

நம் பகுதிக் குழு ஒன்றுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். கடற்கரைச் சாலையில் ஒரு படப்பிடிப்புக்குப் பன்னிரண்டு பேர் போனார்கள். காலை ஏழு மணிக்கு வண்டி, இரவு பத்து வரை வெயிலிலும் விளக்கிலும் அடித்தார்கள். பேசிய தொகையில் பாதி கைக்கு வந்தது. மீதி 'மேலே' இருந்து வரவில்லை என்று கூட்டிப்போனவர் சொன்னார். மேலே யார் என்று கேட்க எண் இல்லை. நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது நடனம் அமைத்தவர், உடை கொடுத்தவர், சாப்பாடு கொடுத்தவர் பெயர்கள் ஓடின. அடித்த அடி அவர்களுடையது, அதன் மேலே ஒட்டிய பெயர் வேறு யாருடையதோ.

பெயர் வராவிட்டால் என்ன, காசு வந்தால் போதாதா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். சட்டத்தைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1994இல் திருத்தப்பட்டபோது நிகழ்த்துநருக்குத் தனி உரிமை கிடைத்தது. 2012 திருத்தம் அதை வலுப்படுத்தியது. தன்னை நிகழ்த்துநராக அடையாளம் காட்டக் கோரும் உரிமை, வணிகப் பயன்பாட்டில் ராயல்டி ஆகியவை அதில் வந்தன. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி பாதுகாப்பும் வந்தது. அதே திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலில் அவர் குறிப்பிடப்படாவிட்டால், தன் நிகழ்த்துதலைத் திரிப்பதை எதிர்க்கும் ஓர் உரிமை தவிர வேறெதற்கும் அவர் நிகழ்த்துநராகவே கருதப்படமாட்டார்.

'தொழில் வழக்கப்படி' என்ற சொற்களை நிறுத்திப் படியுங்கள். யார் பெயரைப் போடுவது, யார் பெயரை விடுவது என்ற வழக்கத்தை உண்டாக்கியது யார்? சாவுக்கு அடித்தவருக்குப் பெயர் கேட்காத அதே ஊர் வழக்கம்தான் கோடம்பாக்கத்துக்கு ரயிலேறி, சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பெயர் வரிசையில் இடம் பிடிப்பது மான அவமானப் பிரச்சினை மட்டுமாக இருந்த காலம் போய்விட்டது. அது உரிமைக்கான ரசீது.

பூஞ்சேரிக்கு வந்த உலகம்

2022 ஜூலை 28இலிருந்து ஆகஸ்ட் 10 வரை செஸ் ஒலிம்பியாட் போட்டிகள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தன. தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். அங்கே 'என்ஜாயி எஞ்சாமி' பாடப்பட்டது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அறிவு மேடையில் இல்லை.

அந்தப் பாட்டின் வேர் எங்கே இருக்கிறது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அதை எடுத்தார். சற்று முன் சொன்ன கங்காணியின் துண்டு நினைவிருக்கிறதா? அந்தத் துண்டில் கடனாக எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளை எழுதிய பாட்டு அது. 2021 மார்ச்சில் வெளியாகிக் கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் அதை வெளிப்படையாகக் கண்டித்த பிறகு இதழ் அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வெளியிட்டது. செஸ் விழாவுக்குப் பிறகு அறிவு, சந்தோஷ் நாராயணன், தீ மூவரும் தத்தம் தரப்பைப் பொதுவில் எழுதினார்கள். யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசுகூட வந்து சேரவில்லை என்று சொன்னார்.

இந்த இரண்டாவது செய்தியை நம்மவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. முதல் விவாதத்தில் கலைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பணம் வேறு வழியில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர், குரல் கொடுத்தவர் எவருக்கும் கணக்குத் தெரியவில்லை என்றால், நடுவில் இருக்கும் அமைப்பு அவர்கள் எல்லாரையும்விடப் பெரிதாகிவிட்டது என்று பொருள். சாதி அதற்குள் இன்னொரு வேலையும் செய்கிறது. பணம் எல்லாருக்கும் வராமல் போகலாம். பெயர் மட்டும் ஒருவருக்குத்தான் முதலில் விட்டுப்போகிறது.

இதற்கு எதிர்வினையாக எழுந்த முயற்சிகளையும் பதிவு செய்ய வேண்டும். 2018 ஜனவரியில் இரஞ்சித்தின் நீலம் அமைப்பு முன்னெடுத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. கானாவும் பறையும் சாவுப் பாட்டும் மார்கழியில் சபா மேடைக்கு உரிமை கோரின. கலைஞரைத் தேடிப் போகும் வேலையை நம்மவர்களே செய்ய முடியும் என்பதை அவை காட்டின.

வடநெம்மேலி சொல்வது

இந்தக் கடற்கரையில் இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. கலைக்குத் தொடர்பில்லாததுபோல் தோன்றும். வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்குள் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம்.

ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலைத் தரகர்களிடம் விற்றார்கள். ஏற்றுமதி விலைக்கும் அவர்கள் கைக்கு வந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்பைக் காத்தன. இருளரை வேலையற்றவர் ஆக்கின. ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் துணை நிற்க, 1978இல் சங்கம் பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்சு எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சு முக்கிய ஆதாரம். உறுப்பினரே பங்குதாரர், கணக்கு சங்கத்தின் புத்தகத்தில்.

உலகத் தொலைக்காட்சிகளுக்கு இருளரின் கையும் கண்ணும் புதிதல்ல. எத்தனையோ ஆவணப் படங்களில் புதரை விலக்கிப் பாம்பைக் காட்டிய கை அவர்களுடையது, அதைப் பற்றிப் பேசிய முகம் வேறொருவருடையது. அந்த வழக்கத்தில் ஒரு விரிசல் விழுந்தது. 2017இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். அங்கே செய்தியாளர்கள் அவர்கள் பெயரை எழுதினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் இருவர் பெயரோடு குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போனார்கள்.

சங்கத்துக்கும் குறைகள் உண்டு. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்ற அனுமதி அரசின் கையில் இருக்கிறது. அது தாமதமானால் அடுப்பெரியாது. இருந்தும் தரகர் நின்ற இடத்தில் தாமே அமர்ந்த ஒரு பழங்குடி அமைப்பு கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அதைத் தாண்டி மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்கும் விடுதி நிகழ்ச்சிகளுக்கும் வேனில் போகும் நம் பறைக் குழுக்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

நாம் எழுத வேண்டிய ஒப்பந்தம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடிகருக்கு வேலை வாங்கித் தரும் ஏஜெண்ட் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் பெற வேண்டும், கட்டண விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். நடிகர் சங்கத்தின் விதிப்படி கமிஷன் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஹாலிவுட் நல்லவர்களின் ஊர் என்பதால் இது வரவில்லை. நடிகர்கள் சங்கமாகக் கூடிப் போராடியதால் வந்தது. தமிழ்நாட்டில் 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. உதவித்தொகைக்கு அது பயன்படுகிறது. பேரம் பேசவும் அது பயன்பட வேண்டும்.

இந்த அமர்வின் முடிவாக நான்கு செய்திகளை முன்வைக்கிறோம். ஒன்று, எந்தப் படப்பிடிப்புக்கும் விழாவுக்கும் போகுமுன் ஒரே பக்கத்தில் தமிழில் ஒப்பந்தம்: தொகை, நேரம், சாப்பாடு, வண்டி, ஒளிபரப்பில் குழுவின் பெயர். இரண்டு, நடுவில் நிற்பவருக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் இல்லை, மேலே வாங்கிய தொகையின் ரசீதைக் குழுவுக்குக் காட்ட வேண்டும். மூன்று, மாவட்டத்தின் பறை, கூத்து, கானா, பெரியமேளக் குழுக்கள் சேர்ந்து வடநெம்மேலிச் சங்கத்தைப் போலக் கூட்டுறவாகப் பதிவு செய்ய வேண்டும். நம் பிள்ளைகளில் கணக்கு படித்தவர், சட்டம் படித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர் அந்தக் கூட்டுறவின் ஏஜெண்டாகச் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். அது மதிப்பான தொழில். நான்கு, 'தொழில் வழக்கப்படி' என்ற அந்தச் சட்டச் சொற்களைத் திருத்தக் கோரி மனு கொடுக்க வேண்டும்.

பறையடிக்க மறுத்த பெரியவர்கள் சாவு வீட்டின் வழக்கத்தை உடைத்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் விரும்பிப் பறையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர்களின் பெயரும் கூலியும் கணக்கும் அவர்கள் கையில் இருக்கும்படி செய்வது இந்தத் தலைமுறையின் பொறுப்பு. முதல் ஒப்பந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்து இங்கே வாசலில் வைத்திருக்கிறோம். போகும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு பிரதி எடுத்துச் செல்லுங்கள்.

ஜெய்பீம்.